ஊரில் தொலை மருத்துவ அறை: கையில் 6 லட்சம் இருக்கிறது, எதை வாங்குவது?

பனைமரத்தடி (தொடக்கப் பதிவு)

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவத் துறையில் இருப்பவர்கள் இந்தக் குழுவில் நிறைய என்பதால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் ஊர் திருவாடானைப் பக்கம். காய்ச்சல், சளி என்றால் நாலு கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. டாக்டரும் நல்லவர். நரம்பு, இதயம், சிறுநீரகம் என்று வந்துவிட்டால்தான் கஷ்டம். 2022-இல் ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் மதுரைக்குத்தான் போகிறார்கள். விடிவதற்கு முன் பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். நோயாளியோடு துணைக்கு ஒருவர் போக வேண்டும், இரண்டு பேருடைய கூலியும் அன்றைக்குப் போச்சு.

என் சித்தப்பாவுக்கு வலிப்பு நோய். சென்ற மாசியில் நான்தான் கூட்டிப் போனேன். நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நரம்பு டாக்டர் உள்ளே கூப்பிட்டு, "கடைசியாக எப்போது வலிப்பு வந்தது?" என்று கேட்டார். "எட்டு மாதமாக வரவில்லை" என்றோம். "அதே மாத்திரையைத் தொடருங்கள்" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பேச்சை ஊரில் இருந்தபடியே வீடியோவில் முடித்திருக்கலாமே என்று அன்று முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

சிங்கப்பூரிலும் குவைத்திலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து 6 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறார்கள். பழைய நூலகக் கட்டடத்தில் ஓர் அறை தரப் பஞ்சாயத்துத் தலைவர் சம்மதித்துவிட்டார். ஒரு நிறுவனம் விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறது: பெரிய டிவி, சுழலும் கேமரா, டிஜிட்டல் ஸ்டெதஸ்கோப், ரத்த அழுத்தம் முதல் சர்க்கரை வரை எல்லாம் பார்க்கும் ஒரு மெஷின், எல்லாம் சேர்த்து 5.8 லட்சம். வாங்கலாமா?

சோழவந்தான் செல்வி

நல்ல காரியம் தம்பி. எங்கள் பக்கமும் இப்படி யாராவது முன்வந்தால் நன்றாக இருக்கும். முடிந்ததும் படம் போடுங்கள்.

கிராம மருத்துவர்

பனைமரத்தடி, முதலில் உங்கள் ஊர்ப் பையன்களுக்கு என் வணக்கம். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த விலைப்பட்டியலில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நம் நாட்டில் தொலை மருத்துவம் புதிது இல்லை. சித்தூர் மாவட்டம் அரகொண்டாவில் அப்பல்லோ தொடங்கிய மையத்தை 2000 மார்ச்சில் பில் கிளிண்டன் திறந்து வைத்தார். அப்போது செயற்கைக்கோள் வழியாக இணைக்க வேண்டியிருந்தது. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஃபோனிலேயே அதைவிடத் தெளிவான படம் வரும். பெரிய டிவி இல்லாததால் எந்த ஊரிலும் மருத்துவம் நின்றுபோனதை நான் பார்த்ததில்லை.

டிவிக்கு அந்தப் பக்கம் உட்காரப் போவது யார்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நிறுவனம் தரும் டாக்டர் என்றால் இன்று ஒருவர், அடுத்த மாதம் இன்னொருவர். உங்கள் சித்தப்பாவின் கதையை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அரசின் இசஞ்சீவனி என்ற தொலை மருத்துவ சேவை ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது. அதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, நோயாளியே வீட்டிலிருந்து பேசுவது. இது 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில் வந்தது. இன்னொன்று அதற்கு முன்பே, 2019 நவம்பரில் வந்தது. சுகாதார நிலையத்தில் இருக்கும் டாக்டரோ நர்ஸோ நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேலே இருக்கும் மருத்துவரிடம் பேசுவது. 2023 பிப்ரவரியிலேயே மொத்த ஆலோசனைகள் 10 கோடியைத் தாண்டிவிட்டன. உங்கள் ஊருக்கு வேண்டியது இந்த இரண்டாவது வழி.

சட்ட விஷயம் ஒன்றும் உண்டு. 2020 மார்ச் 25-இல் வந்த தொலை மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள்படி பதிவு பெற்ற மருத்துவர்தான் ஆலோசனை தரலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலி தானாக மருந்து எழுதக் கூடாது. போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளை வீடியோவில் எழுதித் தர முடியாது. தனியாக மையம் திறந்தால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவும் கேட்பார்கள். நூலக அறையை விட்டுவிட்டுச் சுகாதார நிலையத்தோடு சேர்ந்து செய்யுங்கள்.

கரிசல்காட்டான்

நான் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதப் போகிறேன், மன்னிக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு 16 வருடமாகச் சர்க்கரை. போன வருடம் காலில் எரிச்சல் என்றார். நான் சென்னையில் இருக்கிறேன். ஒரு செயலியில் பணம் கட்டி வீடியோவில் டாக்டரைப் பார்க்க வைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஃபோனைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசி, நரம்புக்கு மாத்திரை எழுதினார். பதினைந்து நாள் கழித்து மறுபடி பேசினோம். வேறு டாக்டர். அவரும் முகத்தைத்தான் பார்த்தார், மாத்திரையைக் கூட்டினார்.

செருப்பைக் கழற்றுங்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது நான்தான் பார்த்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அம்மாவுக்கு அங்கே வலியே தெரியவில்லை, அதனால் சொல்லவும் இல்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த டாக்டர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கேமரா காட்டியதைப் பார்த்தார்கள். காட்டாததைக் கேட்கவில்லை. தொலை மருத்துவம் என்றாலே எனக்கு இப்போது அந்தச் செருப்புதான் நினைவுக்கு வருகிறது.

மேற்குமலை நங்கை

கரிசல்காட்டான் அண்ணா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. நீங்கள் சொல்வது நூறு சதவீதம் உண்மை. அதே காரணத்துக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன்.

நான் பார்வை மையத்தில், அதாவது கிராமத்துக் கண் பரிசோதனை நிலையத்தில், வேலை செய்தவள். பிளஸ் டூ முடித்து இரண்டு வருடப் பயிற்சி. எங்களுக்குக் கற்றுக் கொடுத்ததே, டாக்டருடைய கண்ணும் கையும் நீங்கள்தான் என்றுதான்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் இந்தப் பார்வை மையங்களை நடத்துகிறது, இப்போது நூற்றுக்கும் மேல். தேனிப் பக்கம் தொடங்கிய காலத்தில் நல்ல இணைய வசதி கிடையாது. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, கோபுரங்களில் ஆன்டெனா கட்டி, சாதாரண வைஃபை கருவிகளையே பல கிலோமீட்டர் தூரத்துக்குப் பேச வைத்தார்கள். இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த வைஃபையைப் பற்றித்தான் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் மையத்துக்குள் நடப்பது வேறு.

ஒரு பாட்டி வருகிறார். பார்வை அளவு பார்ப்பேன். கண்ணாடி வேண்டுமா என்று பரிசோதிப்பேன். கண் அழுத்தம் பார்ப்பேன். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் முகத்தை வைக்கச் சொல்லி, கருவிழி, லென்ஸ் எல்லாம் பார்ப்பேன். சர்க்கரை இருந்தால் விழித்திரையைப் படம் எடுப்பேன். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிய பிறகுதான் அந்தப் பக்கம் டாக்டர் வருவார். அவர் படத்தையும் என் குறிப்பையும் பார்த்துவிட்டுப் பாட்டியிடம் ஓரிரு நிமிடம் பேசுவார். அந்த ஓரிரு நிமிடத்துக்கு முன்னால் நான் அரை மணி நேரம் உழைத்திருப்பேன். வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அங்கேயே முடிந்துவிடும். கண்ணாடியும் அங்கேயே கிடைக்கும். அறுவை சிகிச்சை, லேசர் தேவைப்படுகிறவர்கள் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

ஒரு முறை மாடு மேய்க்கிற தாத்தா ஒருவர் கண்ணில் உறுத்தல் என்று வந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் தூசி போலத்தான் இருந்தது. சாயம் போட்டு, நீல விளக்கில் பார்த்தபோது கருவிழியில் புண். நெல் உமி பட்டிருந்தது. அன்றே அனுப்பினோம், கண் தப்பியது. அதை வெறும் ஃபோன் கேமராவில் காட்டியிருந்தால் சொட்டு மருந்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

அண்ணா, உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் ஃபோனைப் பிடிக்க ஒரு பையன் இருந்தான். செருப்பைக் கழற்றத் தெரிந்த ஒருத்தி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பனைமரத்தடி, மெஷினுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆளுக்குக் கொடுங்கள்.

பனைமரத்தடி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இந்தப் பதிவுகளை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாசித்தோம். கரிசல்காட்டான் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு குவைத்தில் இருக்கும் ஒரு தம்பி அவன் அப்பாவுக்கு ஃபோன் போட்டுக் காலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறான்.

ஆனால் ஒரு சந்தேகம். மெஷின் வாங்கினால் ஒரு தடவைச் செலவு. ஆளுக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டுமே? 6 லட்சம் எத்தனை நாளைக்கு வரும்?

ஒன்ராறியோத் தாதி

வணக்கம் தம்பி. நான் கனடாவில், வடமேற்கு ஒன்ராறியோவில் சில வருடம் தாதியாக வேலை செய்தனான். சூ லுக்கவுட் என்ற சிறிய நகரம். அதற்கு வடக்கே பூர்வகுடி மக்களின் ஊர்கள். பல ஊர்களுக்கு வீதியே கிடையாது. பனிக்காலத்தில் உறைந்த ஏரிக்கு மேலால் வாகனம் போகும், மற்ற நாளில் சின்ன விமானம்தான். விசேட வைத்தியர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றால் விமானத்தில் வந்து, தங்கி, திரும்ப வேண்டும்.

அங்கே கீவேட்டினூக் ஒகிமாக்கனாக் என்ற பூர்வகுடிச் சபை தானே தொலை மருத்துவ சேவை நடத்துகிறது. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் ஆள் ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருப்பார். வைத்தியரும் இல்லை, தாதியும் இல்லை. ஆனால் பயிற்சி பெற்றவர். யாருக்கு எத்தனை மணிக்கு என்று ஞாபகப்படுத்துவார், வயதானவர்களை வீட்டுக்குப் போய் அழைத்து வருவார், ஸ்டெதஸ்கோப்பைச் சரியான இடத்தில் வைப்பார், ஓஜி-கிரீ மொழியில் சொல்வதை வைத்தியருக்கு ஆங்கிலத்தில் சொல்வார். வைத்தியர் கமராவிலிருந்து போன பிறகுதான் சனம் வாயைத் திறந்து அவரிடம் சந்தேகம் கேட்கும். "அவர் சொன்ன மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னுக்கோ பின்னுக்கோ?" என்று.

ஒரு முதியவர் வைத்தியருடன் இருபது நிமிடம் கதைத்தும் நெஞ்சுவலி பற்றிச் சொல்லவில்லை. எழும்பிப் போகும்போது வாசலில் வைத்து ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னார். அந்தப் பிள்ளை உடனே திரும்ப அழைப்பு எடுத்தது. இதைச் செய்ய எந்த மெஷினாலும் ஏலாது.

கிராம மருத்துவர்

> பனைமரத்தடி எழுதியது: 6 லட்சம் எத்தனை நாளைக்கு வரும்?

நியாயமான கேள்வி. புது ஆளை நீங்களே வேலைக்கு வைக்கத் தேவை இல்லை. உங்கள் பகுதியில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து, ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் பெண் தன்னார்வலரும் இருக்கிறார். யாருக்கு என்ன நோய், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் தலையில் ஏற்கெனவே நிறைய வேலை. ஒரு உதவியாளரை இரண்டு வருடத்துக்கு நீங்கள் ஏற்றுக்கொண்டால் போதும். பணத்தைச் சுகாதார நிலையத்தின் நோயாளர் நலச் சங்கம் வழியாகக் கொடுக்க முடியுமா என்று வட்டார மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள்.

இதயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. மாரடைப்பு வந்தவரை முதலில் சின்ன ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, அதைப் பெரிய மையத்துக்கு அனுப்பி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே போட்டு, பிறகு ஆம்புலன்ஸில் ஆஞ்சியோ வசதி உள்ள மையத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு. நான்கு பெரிய மையங்கள், அவற்றோடு இணைந்த 35 சின்ன ஆஸ்பத்திரிகள், 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகள் என்று ஆய்வு செய்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முன்பு 17.6 சதவீதம், ஏற்பாடு வந்த பின் 14.2 சதவீதம். அதாவது நூறு பேருக்கு மூன்று உயிருக்கு மேல். இந்த ஏற்பாட்டில் டிவி கிடையாது. ஒரு ஈசிஜி தாள், அதைச் சரியாக எடுக்கத் தெரிந்த நர்ஸ், மறுமுனையில் இரவு 2 மணிக்கும் பார்க்கிற ஒரு டாக்டர், கையிருப்பில் மருந்து, வாசலில் வண்டி. ஐந்தில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற நான்கும் வீண்.

2023-இலிருந்து இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் டோஸ் வைத்திருக்கிறோம். நெஞ்சுவலி என்றால் நேராக மதுரைக்குக் கார் பிடிக்காதீர்கள் என்று ஊரில் தண்டோரா போட்டாவது சொல்லுங்கள். முதலில் எங்களிடம் வாருங்கள்.

கரிசல்காட்டான்

டாக்டர் சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. 2021-22-க்கான மத்திய அரசின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரத்தில், நாட்டின் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களில் ஐந்தில் நான்கு பங்கு குறைவு என்று இருக்கிறது. வீடியோ வந்துவிட்டது, இனி ஆளைப் போட வேண்டாம் என்று யாராவது முடிவு செய்துவிட்டால்? நகரத்துக்காரனுக்கு டாக்டர், கிராமத்துக்காரனுக்கு டாக்டரின் படம் என்று ஆகிவிடாதா?

கிராம மருத்துவர்

அந்தப் பயம் எனக்கும் உண்டு. மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் வீடியோவில் வந்து பிரசவம் பார்க்க முடியாது. அந்த இடங்களை நிரப்பத்தான் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆனால் இன்னொரு வழியையும் பாருங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவரைப் பார்க்க ஹெபடைடிஸ் சி நோயாளிகள் எட்டு மாதம் காத்திருந்தார்கள். 2003-இல் அவர் எக்கோ என்ற திட்டத்தைத் தொடங்கினார். நோயாளியை அவர் வீடியோவில் பார்க்கவில்லை. கிராமத்து மருத்துவர்களை வாராவாரம் வீடியோவில் கூட்டி, அவரவர் நோயாளிகளைப் பற்றிப் பேச வைத்தார். 2011-இல் ஆய்வு முடிவு வந்தது. பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம், கிராமத்து மருத்துவர்களிடம் 58.2 சதவீதம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் மனநலத்தில் இதே முறையில் பயிற்சி கொடுக்கிறது.

மாதம் இரண்டு தடவை ஒரு நரம்பு மருத்துவரோடு அப்படிப் பேசக் கிடைத்தால், பனைமரத்தடியின் சித்தப்பாவை நானே பார்ப்பேன். அவர் மதுரைக்கும் போக வேண்டாம், டிவி முன்னாலும் உட்கார வேண்டாம். சிறப்பு மருத்துவரின் அறிவு என்னிடம் வந்துசேர்ந்தால் நான் இடமாற்றத்தில் போகும் அடுத்த ஊருக்கும் அது வரும்.

சமூகப்பணி சாந்தா

மனநலம் பற்றி ஒரு வார்த்தை. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 2010 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஊர் ஊராக அனுப்பியது. பஸ்ஸுக்குள் வீடியோ, சென்னையில் மனநல மருத்துவர். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பஸ்ஸிலேயே மருந்தகமும் இருந்தது. டாக்டர் எழுதிய மாத்திரை அங்கேயே கையில் கிடைத்துவிடும். சிறப்பு மருத்துவர் எழுதும் மருந்து சுகாதார நிலையத்தில் இல்லை என்றால் நோயாளி மறுபடி பஸ் ஏறத்தான் வேண்டும். முதலில் உங்கள் நிலையத்தின் மருந்துப் பட்டியலை அந்த டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, அறையில் உதவிக்கு இருப்பவர் அதே ஊர்ப் பெண் என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது, மனக்கஷ்டத்துக்கு மட்டும் நல்லதில்லை. கணவன் அடிக்கிறான் என்பதைச் சொந்தக்காரியின் எதிரே யார் சொல்வார்கள்? 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண் அது, சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே.

தேமல் போல் வந்தால் படம் மட்டும் அனுப்பி விட்டுவிடாதீர்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து எழுதி அனுப்புங்கள். தொழுநோயைப் படம் காட்டிக்கொடுக்காது.

பனைமரத்தடி (மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விலைப்பட்டியலை வேண்டாம் என்று திருப்பிவிட்டோம். சுகாதார நிலைய டாக்டரைப் போய்ப் பார்த்தோம். இசஞ்சீவனி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் வெளிநோயாளி கூட்டத்தில் உட்கார்ந்து பேச நேரமும் இல்லை, தனி இடமும் இல்லை. நிலையத்திலேயே ஒரு சேமிப்பு அறையைக் காலி செய்து தருகிறேன் என்றார்.

எங்கள் ஊரில் நர்சிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு தங்கை உதவிக்கு வரச் சம்மதித்திருக்கிறாள். அவளுக்கு இரண்டு வருடச் சம்பளத்துக்குப் பெரும்பகுதி ஒதுக்கிவிட்டோம். மீதியில் இணைய இணைப்பு, மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி, ஒரு நல்ல மேசை விளக்கு, காது கேளாத பெரியவர்களுக்காக ஒரு ஸ்பீக்கர். அப்புறம் வீடியோவுக்கு முன் என்னென்ன பார்த்து எழுத வேண்டும் என்று டாக்டர் ஒரு படிவம் எழுதித் தந்தார். முதல் வரியே "செருப்பு கழற்றிக் கால் பார்க்கப்பட்டதா?" என்றுதான். கரிசல்காட்டான் அண்ணா, நீங்கள் எழுதியதை நான்தான் அவரிடம் காட்டினேன்.

வாரத்தில் ஒரு நாள், சந்தை நாளில் வைக்கப் போகிறோம். அன்று எப்படியும் சனம் அந்தப் பக்கம் வரும். முதல் பட்டியலில் 14 பேர், சித்தப்பா மூன்றாவது. சர்க்கரைக்காரர்களின் காலில் உணர்ச்சி பார்க்க எது வேண்டும் என்று தங்கை கேட்கிறாள், யாராவது சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்

தம்பி, மோனோஃபிலமென்ட் என்று கேட்கச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை. கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தில் இழை வளையும் வரை அழுத்த வேண்டும், தெரிகிறதா என்று கேட்க வேண்டும். புண் இருக்கும் இடத்திலும், தோல் தடித்த இடத்திலும் வைக்கக் கூடாது. அம்மாவுக்கு இப்போது மாதம் ஒரு முறை நானே பார்க்கிறேன். என்னிடம் பத்து இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். முகவரியைத் தனிமடலில் போடுங்கள்.